அலுவலுக்கும் நடை சாத்தும் வேளை உண்டு

மதுரையில் ஒவ்வோர் இரவும் நிகழும் ஒரு காட்சியைக் கண்ணாரக் கண்டவர்கள் மறப்பதில்லை. அர்த்தஜாமத்தில் சுந்தரேசுவரப் பெருமானின் திருவடிகள் பல்லக்கில் எழுந்தருளி அன்னை மீனாட்சியின் பள்ளியறையை அடைகின்றன. தீபாராதனை நடைபெறுகிறது. பின்னர் நடை சாத்தப்படுகிறது. மறுநாள் வைகறையில் திருப்பள்ளியெழுச்சி. திருமலையிலும் இரவில் ஏகாந்த சேவை, காலையில் சுப்ரபாதம் என்று அதே முறைமை. உறக்கமோ களைப்போ இல்லாத பரம்பொருளுக்கு ஓய்வு எதற்கு என்று குழந்தைகள் கேட்பதுண்டு. ஓய்வு அவனுக்காக அன்று. அவனைப் பார்த்து வாழ்க்கையை அமைத்துக்கொள்ள வேண்டிய நமக்காக என்பதே பெரியோர் தரும் விடை.

உஷத்காலம், காலசந்தி, உச்சிக்காலம், சாயரட்சை, இரண்டாம் காலம், அர்த்தஜாமம் என்று ஆறு காலங்கள் வகுத்திருப்பதிலும் இந்த நோக்கம் உண்டு. உச்சிக்காலம் முடிந்தால் நடை சாத்துவார்கள். வெளியூர் அன்பர் ஒருவர் மூச்சிரைக்க ஓடி வந்தாலும், மாலை நான்கு மணிக்கு வாருங்கள் என்றுதான் விடை வரும். மகா சிவராத்திரி, வைகுண்ட ஏகாதசி போன்ற சில நாள்கள் இதற்கு விலக்கு. அவை ஆண்டுக்கு ஒரு முறை வருவதால்தான் விழாக்கள் ஆயின. எல்லா இரவும் சிவராத்திரியானால் விழிக்கும் அடியாரும் இரார், விழாவும் இராது.

இந்த எண்ணம் இன்று நம் வீட்டுக் கூடத்திற்கே தேவைப்படுகிறது. 2020 மார்ச் 25 முதல் நாடு முழுவதும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தபோது, அலுவலகங்களின் கதவுகள் மூடின, அலுவல்கள் மூடவில்லை. அவை மடிக்கணினி வடிவில் வீட்டிற்குள் நுழைந்தன. தொற்று அடங்கிய பின்னும் பல நிறுவனங்களில் வாரத்தில் சில நாள்களாவது வீட்டிலிருந்தே பணி என்பது நிலைத்துவிட்டது. இந்த இதழை வாசிக்கும் பெரியோர் பலரின் இல்லங்களில் மகனோ, மகளோ, மருமகளோ, பேரனோ இந்த நிமிடத்திலும் ஓர் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு திரையின் முன் அமர்ந்திருக்கக்கூடும்.

அந்த ஊரடங்கு நாள்களில் ஆலயங்களில் பக்தர்களுக்கு அனுமதி இல்லை. ஆயினும் நித்திய பூஜை நிற்கவில்லை. பார்ப்பதற்கு ஒருவரும் இல்லாத பிராகாரத்தில் உரிய வேளையில் நடை திறந்தது. உரிய வேளையில் சாத்தியது. மேலதிகாரியின் கண்ணில் படாமல் வீட்டில் அமர்ந்து பணி செய்கிறவருக்கு இதைவிட நல்ல பாடம் வேறு இல்லை. வேளையில் தொடங்குவதும் வேளையில் நிறைவு செய்வதும் ஆகிய இரண்டும் சேர்ந்ததே ஒழுங்கு. இன்றைய இளைஞர்களில் பலர் முன்னதைக் காப்பாற்றி, பின்னதைக் கைவிட்டிருக்கிறார்கள்.

வீட்டிலிருந்து தொழில் செய்வது நமக்குப் புதிதன்று. காஞ்சிபுரத்திலும், சௌராஷ்டிர மக்கள் வாழும் நெசவாளர் தெருக்களிலும் வீடே தறிக்கூடம். குயவர், தச்சர், பொற்கொல்லர் ஆகியோரின் பட்டறை வீட்டை ஒட்டியே இருந்தது. ஊர்க் கணக்கு திண்ணையில் எழுதப்பட்டது. பள்ளிக்கூடமும் திண்ணையில் நடந்தது. அறுபத்து மூவரில் ஒருவரான நேச நாயனார் காம்பீலி நகரில் சாலியர் மரபில் தோன்றியவர். அடியார்களுக்கு உடையும் கீளும் கோவணமும் நெய்து அளித்தவர். அவர் மனம் ஈசன் திருவடியிலும், நா திருவைந்தெழுத்திலும், கை தறியிலும் இருந்ததாகப் பெரியபுராணம் போற்றுகிறது. தம் தொழிலைச் செய்தபடியே முக்தி அடைந்தவருக்கு அலுவல் ஒரு தடையாக இருக்கவில்லை.

அந்நாளில் வீட்டுத் தொழில் மனிதரை விழுங்கிவிடாமல் காத்தவை மூன்று எல்லைகள். முதலாவது, இடத்தின் எல்லை. கணக்கு பார்க்க வந்தவர் திண்ணையோடு நின்றார். நிலைப்படியைத் தாண்டிக் கூடத்திற்கு வரவில்லை. இரண்டாவது, வெளிச்சத்தின் எல்லை. பொழுது சாய்ந்தால் இழை கண்ணுக்குத் தெரியாது. நெசவாளர் தறிக் குழியிலிருந்து எழுந்தே ஆக வேண்டும். மூன்றாவது, நாளின் எல்லை. அமாவாசையன்று தறியை ஓட்டாத வழக்கமும், உளியையும் சுத்தியலையும் தொடாத வழக்கமும் கைத்தொழில் குடும்பங்களில் இருந்தன. இன்றும் பல ஊர்களில் இருக்கின்றன. இவற்றோடு, பாவை நீட்டிச் சீர்செய்ய விடியற்காலையில் தெருவிற்கு வர வேண்டியிருந்ததால், உடலுக்கு நடையும் இளவெயிலும் தாமாகவே கிடைத்தன.

மடிக்கணினிக்கு இந்த மூன்று எல்லைகளும் இல்லை. கட்டில், சாப்பாட்டு மேசை, ஊஞ்சல் என எங்கும் அது வந்து அமர்ந்துகொள்ளும். தன் வெளிச்சத்தைத் தானே கொண்டுவருவதால் அதற்கு அந்திப்பொழுது தெரியாது. அமாவாசையும் தெரியாது. போதாக்குறைக்குக் கடல் கடந்த வாடிக்கையாளரின் கடிகாரம் வேறு. நியூயார்க்கில் காலை ஒன்பது மணி என்றால் நமக்குக் கோடையில் மாலை ஆறரை, குளிர்காலத்தில் ஏழரை. அங்கே அலுவலகம் திறக்கும் வேளையும் இங்கே இல்லங்களில் விளக்கேற்றும் வேளையும் ஏறக்குறைய ஒன்றாகிவிடுகின்றன. பல வீடுகளில் பூசல் இங்கிருந்துதான் பிறக்கிறது.

மேற்கு மாம்பலத்தில் அப்படி ஓர் இல்லம். பணி ஓய்வு பெற்ற பள்ளித் தலைமையாசிரியர், அவர் துணைவியார், மகன், மருமகள், ஆறு வயதுப் பேத்தி ஆகிய ஐவர். மகனும் மருமகளும் மென்பொருள் நிறுவனங்களில் பணியாற்றுகிறார்கள். இரண்டு படுக்கையறை கொண்ட அடுக்குமாடி வீடு. மகன் சாப்பாட்டு மேசையில் அமர்ந்தார். மருமகள் கட்டில் விளிம்பில் அமர்ந்து, தலையணை மேல் கணினியை வைத்துக்கொண்டார். பூஜை மாடம் கூடத்திலேயே இருந்தது.

தொடக்கத்தில் பெரியவர்களுக்கு மகிழ்ச்சிதான். பிள்ளைகள் கண்ணெதிரே இருக்கிறார்கள்; மூன்று வேளையும் சூடாகச் சாப்பிடுகிறார்கள். அம்மா ஒரு மணிக்கொரு தரம் டபராவில் காப்பியும், கூடவே இரண்டு முறுக்கும் கொண்டுபோய் வைத்தார். அவர் அன்பை வேறு எப்படிக் காட்டுவார்? ஆனால் முன்பு பேருந்து நிறுத்தத்திற்கும் ரயில் நிலையத்திற்கும் நடந்த கால்கள், இப்போது நாள் முழுவதும் மேசைக்குக் கீழே கிடந்தன. ஓராண்டுக்குள் மகனின் எடை கூடியது; இரத்தப் பரிசோதனையில் சர்க்கரை தெரியவந்தது. மருமகளுக்குக் கழுத்து வலியும், இரவில் விரல்கள் மரத்துப்போவதும் தொடங்கின. மருத்துவர் முதலில் மருந்து எழுதவில்லை. எந்த நாற்காலியில், எத்தனை மணி நேரம் அமர்கிறீர்கள் என்றுதான் கேட்டார்.

உடல்நோயைவிட ஆழமானது மற்றொன்று. மாலை பூஜையின் மணியோசை அயல்நாட்டுக் கூட்டத்தில் கேட்டுவிட்டது என்று மகன் ஒருநாள் முகம் சுளித்தார். மறுநாள் மருமகள் தயங்கித் தயங்கி, “அத்தை, ஒரு பத்து நிமிஷம் மணி அடிக்காம இருக்க முடியுமா?” என்று கேட்டார். மாமியார் ஒன்றும் சொல்லவில்லை. தலைமையாசிரியர் மணியைத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்துவிட்டார். அன்றிலிருந்து அந்த வீட்டில் விளக்கு ஓசையின்றி ஏற்றப்பட்டது. சுலோகம் உதட்டளவில் நின்றது. யாரும் யாரையும் கடிந்துகொள்ளவில்லை. யாரும் யாரோடும் அதிகம் பேசவும் இல்லை.

சில மாதங்கள் சென்றன. ஊரிலிருந்து வந்த உறவினர் ஒருவர் மாலையில் விளக்கேற்றியதும் கணீரென்று திருப்பதிகம் பாடத் தொடங்கினார். பேத்தி ஓடிவந்து தன் உதட்டில் விரலை வைத்து, “தாத்தா, உஷ்! விளக்கு ஏத்தினா பேசக் கூடாது” என்றாள். உறவினர் சிரித்தார். வீட்டில் உள்ளவர்களால் சிரிக்க முடியவில்லை. அந்திப்பொழுது என்றால் அனைவரும் கூடி இறைவனைப் பாடும் வேளை என்று தெரிய வேண்டிய குழந்தைக்கு, அது வாயை மூடிக்கொள்ளும் வேளை என்று தெரிந்திருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை குடும்பம் ஒன்றாக அமர்ந்து பேசியது. மகன், “வேலையை விட்டுட முடியாதுப்பா. வீட்டுக் கடன் இருக்கு” என்றார். “வேலையை விடச் சொல்லலை. வேலைக்கு ஒரு வாசல் வை என்றுதான் சொல்றேன்” என்றார் தந்தை. கூட்டம் ஆறரைக்குத் தொடங்குவதால் பூஜையை ஆறு மணிக்கு மாற்றினார்கள். ஆறு முதல் ஆறு பத்து வரை மகனும் மருமகளும் இருக்கையை விட்டு எழுந்து வந்துவிட வேண்டும். அலமாரியிலிருந்து மணி வெளியே வந்தது. ஆறரைக்குப் பின் பெரியவர்கள் தொலைக்காட்சியின் ஓசையைத் தாழ்த்திக்கொள்வார்கள். பேத்திக்குக் கதை சொல்லும் பொறுப்பு தாத்தாவுக்கு. இரவு ஒன்பதரைக்கு இரண்டு மடிக்கணினிகளும் ஓர் அலமாரிக்குள் போகும். பூட்டுவது மகன், சாவி இருப்பது அம்மாவின் இடுப்பில். தவிர்க்க முடியாத பணி நெருக்கடி என்றால் முன்கூட்டியே சொல்லிச் சாவியைக் கேட்கலாம். அப்படிப்பட்ட இரவுகளுக்கு அந்த வீட்டில் சிவராத்திரி என்றே பெயர் வைத்தார்கள். மாதத்திற்கு இரண்டுக்கு மேல் சிவராத்திரி கூடாது என்பது பாட்டியின் ஆணை.

இதனால் எல்லாம் தீர்ந்துவிடவில்லை. மகன் இன்னும் சர்க்கரைக்கு மாத்திரை எடுத்துக்கொள்கிறார். கூட்டம் நீண்டுவிடும் நாள்கள் உண்டு. மாதம் மூன்று சிவராத்திரி வந்து பாட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டதும் உண்டு. ஆயினும் மருமகளின் கழுத்து வலி பெரிதும் தணிந்தது. இன்று மாலை ஆறு மணிக்கு மணியை அடிப்பவள் பேத்தி.

வங்கியில் பணியாற்றியவர்களுக்கு அந்த அலமாரிச் சாவி ஒரு பழைய வழக்கத்தை நினைவூட்டும். கணினி வராத காலத்தில், கவுண்டர் மூடிய பின் அன்றைய ரொக்கம் எண்ணப்படும். கணக்கு ஒரு காசு பிசகாமல் நேர்ப்பட வேண்டும். பின்னர் பணம் ஸ்ட்ராங் ரூமுக்குள் போகும். அதன் கதவுக்கு இரண்டு சாவிகள். ஒன்று காசாளரிடம், மற்றொன்று அதிகாரியிடம். ஒருவர் மட்டும் நினைத்தால் திறக்கவும் முடியாது, மூடவும் முடியாது. பேரேடுகள் கிளையிலேயே தங்கிவிடும். கணக்கு நேர்ப்படாத நாளில் இரவு எட்டு மணி ஆனதுண்டு. ஆனால் இரண்டு சாவிகளும் திரும்பிய பிறகு, வீடு செல்பவரின் கையில் அலுவல் இருக்காது. சாப்பாட்டுத் தூக்கு மட்டுமே இருக்கும்.

வீட்டிலிருந்து செய்யும் பணிக்கும் இரண்டு சாவிகள் வேண்டும். ஒன்று பணி செய்கிறவரிடம். மற்றொன்று வீட்டாரிடம், குறிப்பாக வீட்டுப் பெரியவர்களிடம். இளையவர் மட்டும் முயன்றால் அலுவலின் இழுப்பு அவரை வென்றுவிடும். பெரியவர்கள் மட்டும் வற்புறுத்தினால் அது கண்டிப்பாகத் தோன்றி மனக்கசப்பில் முடியும்.

இது வெறும் மன அமைதிக்கான பேச்சன்று. உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் இணைந்து 2021 மே மாதம் ஓர் ஆய்வை வெளியிட்டன. வாரத்திற்கு 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவரோடு ஒப்பிட்டால், 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைப்பவருக்குப் பக்கவாதம் வரும் ஆபத்து 35 சதவீதமும், இதய இரத்தக்குழாய் நோயால் இறக்கும் ஆபத்து 17 சதவீதமும் அதிகம் என்று அது கூறுகிறது. நம் நாட்டில் சர்க்கரை நோயுற்றோர் 10.1 கோடிப் பேர் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-ல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. நடை சாத்தாத வீட்டில் நோய் நுழைய வாசல் திறந்தே இருக்கிறது.

முதல் சாவிக்கு உரியவர் செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. திண்ணையைப் போல, பணிக்கென்று ஓர் இடம் வேண்டும். தனி அறை இல்லாவிட்டால் கூடத்தின் ஒரு மூலையே போதும்; ஆனால் அது கட்டிலாக இருக்கக் கூடாது. உறங்கும் இடத்தில் பணி செய்தால், படுக்கும்போதும் மனம் பணியையே தொடரும். கணினித் திரையின் மேல் விளிம்பு கண்மட்டத்தில் இருக்கட்டும். அதற்காகக் கணினியைப் பலகை வைத்து உயர்த்தினால், தட்டச்சுக்குத் தனி விசைப்பலகை வேண்டும். முழங்கை செங்கோணத்தில் மடங்க வேண்டும். பாதம் தரையில் படிய வேண்டும். பாதம் எட்டாதவர்களுக்குப் பரணில் கிடக்கும் பழைய மணைப்பலகை கை கொடுக்கும்.

திரையை உற்றுப் பார்க்கும்போது இமைப்பது குறைகிறது. கண் வறண்டு எரிகிறது. கண் மருத்துவர்கள் சொல்லும் எளிய முறை ஒன்று உண்டு. 20 நிமிடத்திற்கு ஒரு முறை, 20 அடி தொலைவில் உள்ள ஒன்றை 20 விநாடி பார்க்க வேண்டும். சன்னலுக்கு வெளியே கோபுரமோ தென்னை மரமோ தெரிந்தால் அதுவே போதும். அரை மணிக்கு ஒரு முறை எழுந்து சில அடிகள் நடக்க வேண்டும். தண்ணீர்ச் செம்பை மேசையில் வைக்காமல் சமையலறையில் வைத்தால், தாகமே எழுப்பி நடக்க வைக்கும். வளர்ந்தவர்களுக்கு வாரத்தில் குறைந்தது 150 நிமிட மிதமான உடலுழைப்பு தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாள் ஒன்றுக்கு அரை மணி, வாரத்தில் ஐந்து நாள். அருகிலுள்ள ஆலயத்திற்கு நடந்து சென்று சில முறை பிராகாரம் வலம் வந்து திரும்பினால் இந்தக் கணக்கு நிறைவாகும். கைபேசியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனால் புண்ணியமும் கூடும்.

நடை திறக்கும் முன் அர்ச்சகர் நீராடித் தூய உடை உடுத்தியே கருவறைக்குள் செல்கிறார். வீட்டில்தானே இருக்கிறோம் என்று பல் துலக்கியும் துலக்காமலும், இரவு உடையோடு திரையின் முன் அமர்பவருக்கு நாள் தொடங்கியதே தெரியாது; எனவே முடிவதும் தெரியாது. குளித்து, உடை மாற்றி, நெற்றிக்கு இட்டு, குறித்த வேளையில் அமர்பவரின் பணி விரைவாக முடிகிறது. அபிஷேகத்தின் நடுவே அர்ச்சகர் அடிக்கடி வெளியே வந்து எட்டிப் பார்ப்பதில்லை. அதுபோல, ஒரு பணியை எடுத்தால் அது நிறைவுறும்வரை கைபேசியைத் தொடாதிருப்பது நேரத்தை மிச்சப்படுத்தும். எட்டு மணி நேரப் பணியைப் பன்னிரண்டு மணி நேரத்திற்கு இழுப்பது பெரும்பாலும் பணியின் அளவன்று. இடையிடையே சிதறும் மனமே.

கீதையின் ஆறாம் அத்தியாயத்தில் கண்ணன், மிகுதியாக உண்பவனுக்கும் உண்ணாதவனுக்கும், மிகுதியாக உறங்குபவனுக்கும் உறங்காதவனுக்கும் யோகம் கைகூடாது என்று அர்ச்சுனனுக்கு உணர்த்துகிறார். உணவிலும் உறக்கத்திலும் உழைப்பிலும் அளவு காப்பவனுக்கே அது துன்பத்தைப் போக்கும் என்கிறார். போர்க்களத்தில் நிற்பவனுக்குச் சொன்ன இந்தச் சொல், கூடத்தில் கணினியோடு போராடுபவனுக்கும் பொருந்தும்.

இரண்டாம் சாவிக்கு உரியவர்கள் பெரியோர். வீட்டில் இருப்பவர் விடுமுறையில் இருப்பவர் அல்லர் என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். ரேஷன் கடைக்குப் போய்வா, எரிவாயு உருளையைக் கேள், விருந்தினரோடு வந்து உட்கார் என்று பணி நேரத்தில் அழைப்பது, வங்கிக் கவுண்டரில் வரிசை நிற்கும்போது காசாளரை எழுப்பிக்கொண்டு போவதற்குச் சமம். பகலில் அந்த வேளையை மதித்தால்தான், இரவில் நடை சாத்தச் சொல்லும் உரிமை நமக்கு வரும்.

மருமகளின் நிலையைத் தனியே எண்ணிப் பார்க்க வேண்டும். மகன் வீட்டில் பணி செய்தால் அதைப் பணி என்கிறோம். மருமகள் வீட்டில் பணி செய்தால், வீட்டில்தானே இருக்கிறாள் என்று குக்கரின் விசிலையும் அவள் கணக்கில் சேர்த்துவிடுகிறோம். ஒரே நேரத்தில் இரண்டு அலுவல்களை ஒருவர் சுமந்தால் கழுத்து வலிக்காமல் என்ன செய்யும்? காய் நறுக்குவதை மாமனார் ஏற்றுக்கொண்டால் அவர் மதிப்பு குறையாது. மதிய உணவு முடிந்ததும் மருமகளுக்குக் கால் மணி நேரம் யாரும் அழைக்காத ஓய்வு கிடைத்தால் அதுவே உச்சிக்கால நடை சாத்துதல்.

அன்பைத் தின்பண்டமாகக் காட்டும் வழக்கத்தையும் சற்று மாற்றிக்கொள்ளலாம். முறுக்குக்கும் தட்டைக்கும் பதில் ஆலயப் பிரசாதமான சுண்டல் இருக்கிறது. மூன்றாவது காப்பிக்குப் பதில் நீர்மோர் இருக்கிறது. இரவு பதினொன்று வரை கூட்டத்தில் இருந்தவரை, பிரம்ம முகூர்த்தத்தில் எழவில்லை என்று குறை சொல்வது நியாயம் ஆகாது. வளர்ந்தவருக்கு ஏழு மணி நேர உறக்கமாவது வேண்டும். அவர் எழும் வேளையில் அவருக்கு நடை திறக்கட்டும். குளித்து, ஒரு நிமிடம் விளக்கின் முன் நின்றால் இறைவன் அதையும் உஷத்கால பூஜையாகவே ஏற்பான்.

நவராத்திரியின் நிறைவில் சரஸ்வதி பூஜை வருகிறது. அன்று புத்தகங்களும் கருவிகளும் பூஜையில் வைக்கப்படும். மறுநாள் விஜயதசமியன்று புனர்பூஜை முடியும்வரை அவற்றைத் தொடுவதில்லை. அரிவாளுக்கும் தராசுக்கும் பேருந்துக்கும் பொட்டிடும் நாளில், குடும்பத்திற்குச் சோறு போடும் மடிக்கணினியும் அந்தப் பலகையில் இருக்க வேண்டியதுதான். ஆனால் பல வீடுகளில் அதற்கு அவசரமாக ஒரு சந்தனப் பொட்டை வைத்துவிட்டு, தீபாராதனை முடிந்த அடுத்த நிமிடமே எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். இவ்வாண்டு அந்த ஓர் இரவேனும் அது கலைவாணியின் திருமுன் மூடியபடி இருக்கட்டும். அதற்கான விடுப்பை இப்போதே எழுதிக் கொடுத்துவிடும்படி பிள்ளைகளிடம் சொல்லிவையுங்கள். ஓர் இரவு கருவி ஓய்ந்திருந்தால் உலகம் நின்றுவிடாது என்று அவர்கள் கண்டுகொண்டால், மற்ற இரவுகளில் ஒன்பதரை மணிக்கு அலமாரியைச் சாத்துவது அவ்வளவு கடினமாக இராது.